இழுபட்ட கயிறு எந்தப் பக்கம் வரும்?

மலையக நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஹட்டனிலும் ராகலையிலும் இருந்துகொண்டு கப்பல் கயிற்றைப் பற்றி எதற்குக் கேட்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கப்பல் என்றால் தலைமன்னாரில் நின்ற ‘இராமானுஜம்’. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, அண்ணனை இந்தியாவுக்கு ஏற்றிக்கொண்டு தம்பியை இங்கேயே விட்டுப்போன கப்பல் அது. அந்தப் பேச்சு இன்னும் லயங்களில் ஓயவில்லை. ஆனால் இப்போது தலவாக்கலையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் பிள்ளைகள் ஏ.எல். முடித்த கையோடு கப்பல் வேலைக்குப் பயிற்சி எடுக்கப் போகிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற அம்மா அப்பாவுக்காகவும்தான் இந்தப் பேச்சு. நான் டெக்கில், அதாவது கப்பலின் மேல்தளத்தில் வேலை பார்த்து, அங்கே வேலையாட்களுக்குத் தலைவரான போசனாக ஓய்வு பெற்றவன்.

நிலையத்தார் கடல் அனுபவம் பேசச் சொன்னார்கள். புயல், கொள்ளையர் என்று ஆரம்பித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கு என்னவோ, நடுக்கடலை விடக் கப்பலைக் கரையில் கட்டும் நேரத்தில்தான் பயம் அதிகம். கப்பலில் ஏறுமுன், கடலோடிகளின் பயிற்சிக்கான சர்வதேச விதிகளான எஸ்.டி.சி.டபிள்யூ.வின்படி அடிப்படைப் பயிற்சி தருவார்கள். கடலில் உயிர் பிழைப்பது, தீயணைப்பு, முதலுதவி, வேலையிடப் பாதுகாப்பு என்று நான்கு பகுதி. கடைசிப் பகுதியில் கயிறு பற்றியும் சொல்வார்கள். வகுப்பறையில் கயிறு இழுபடாது, அதுதான் சிக்கல்.

கொழும்புத் துறைமுகத்தில் ஜெட்டியை ஒட்டி நிற்கும் கொள்கலன் கப்பலைப் பார்த்தால் கட்டடம் மாதிரி அசையாமல் நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அது சும்மா இருப்பதே இல்லை. சரக்கு இறங்க இறங்க மேலே எழும்பும், ஏற ஏற அமிழும். ஐரோப்பாவில் சில துறைமுகங்களில் கடல்மட்டமே பல மீற்றர் ஏறி இறங்கும். நம் நாட்டில் அது ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் இங்கே பழகியவர்களுக்கு முதல் தடவை அது அதிர்ச்சியாக இருக்கும். பக்கத்தால் ஒரு பெரிய கப்பல் வேகமாகப் போனாலும் அது தள்ளுகிற தண்ணீர் நம் கப்பலை முன்னும் பின்னும் இழுத்துவிடும். காற்று வேறு இருக்கிறது. இத்தனையையும் பிடித்து வைத்திருப்பவை கயிறுகள்தான். முன்னால் ஹெட் லைன், பின்னால் ஸ்டேர்ன் லைன், குறுக்கே பிரெஸ்ட் லைன், கப்பல் முன்னும் பின்னும் ஓடாமல் இருக்க ஸ்பிரிங். பெரிய கப்பலில் இப்படிப்பட்ட ஒரு கயிறு அறுவதற்கு 70, 80 தொன் இழுவை வேண்டும், இன்னும் கூடுதலாகவும் வேண்டியிருக்கும்.

அவ்வளவு பலமான கயிறு என்றால் எதற்குப் பயப்பட வேண்டும்? அந்தப் பலத்துக்காகத்தான். கயிறு இழுபடும்போது நீள்கிறது. இழுத்த சக்தி முழுவதும் அந்த நீட்சிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அறுந்த கணத்தில் அத்தனையும் வெளியே வருகிறது. நைலோன் கயிறு அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்கு, சில வேளை அதற்கு மேலும் நீளும். நாற்பது மீற்றர் கயிறு பத்து மீற்றர் கூடுதலாக நீண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். அறுந்தால் முனை திரும்பி வரும் வேகத்தில் மனிதன் குனியவும் முடியாது, ஓடவும் முடியாது. சத்தம் கேட்டு விலக நினைப்பதற்குள் கயிறு வந்து போயிருக்கும். ஹெல்மெட் போட வேண்டும், கட்டாயம் போட வேண்டும். ஆனால் அந்த அடிக்கு ஹெல்மெட் காப்பு என்று நம்பி நிற்கக் கூடாது.

இரும்புக் கம்பி வடம் அவ்வளவு நீளாது, ஆனாலும் அறுந்தால் சுருண்டு வெட்டும். அப்புறம் புதிய வகை ஒன்று வந்திருக்கிறது, டைனீமா என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த எச்.எம்.பி.ஈ. என்ற செயற்கை இழைக் கயிறு. இரும்பு வடத்தின் பலம் உண்டு, தண்ணீரில் மிதக்கும், தோளில் தூக்கிப் போகலாம். சில சதவீதம்தான் நீளும். அதனால் ‘இது அறுந்தாலும் அப்படியே தொப்பென்று விழுந்துவிடும்’ என்று ஒரு நம்பிக்கை கப்பல்களில் பரவிவிட்டது. நான் வேலை பார்த்த காலத்தில் நல்ல அதிகாரிகளே அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த நம்பிக்கைக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். 2015 மார்ச் மாதம், வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்ட் ஹேவனில் ‘சார்கா’ என்ற மிகப் பெரிய எரிவாயுக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எச்.எம்.பி.ஈ. கயிறு ஒன்று அறுந்து, முன்னால் நின்று வேலையை மேற்பார்வை செய்துகொண்டிருந்த அதிகாரியின் தலையில் அடித்தது. படுகாயம். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு ஆராய்ந்தபோது முக்கியமாக இரண்டு விஷயம் தெரிந்தது. முதலாவது, கயிற்றின் மேல் உறை நன்றாகத்தான் இருந்தது, சுமை தாங்கும் உள் இழைகள் மடிந்து நைந்து பலம் குறைந்துபோயிருந்தன. வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இரண்டாவது, நீளாத கயிற்றின் நுனியில் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக நீளக்கூடிய ‘டெயில்’ கயிறு ஒன்றை இணைப்பது வழக்கம். அந்த டெயில் நீண்டு சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. நீளாத கயிறு அறுந்தால் கூட அந்தச் சக்தி அதை வீசியடிக்கும். ஆகவே என்ன கயிறு என்று பார்த்துப் பயத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

சரி, அறுந்த கயிறு எந்தப் பக்கம் வரும்? பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இரண்டு இடத்துக்கு நடுவே நேராக நிற்கும் கயிறு அறுந்தால், ஏறத்தாழ அதே கோட்டில் கொஞ்சம் விரிந்து திரும்பி வரும். அது சுலபமான கணக்கு. ஆனால் மூரிங் டெக்கில், அதாவது கப்பலைக் கட்டும் வேலை நடக்கிற தளத்தில், கயிறு நேராகப் போவது குறைவு. கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரமான விஞ்சிலிருந்து கிளம்பி, ஒரு பீடத்தின் மேலுள்ள உருளையைச் சுற்றி வளைந்து, கப்பலின் ஓரத்தில் இருக்கும் பெயர்லீட் என்ற கயிற்று வாய் வழியாக வெளியே போகும். அப்படி வளைந்து போகிற கயிறு உருளைக்கு அப்பால் அறுந்தால், திரும்பி வரும் முனை உருளையைச் சுற்றி வீசிக்கொண்டு வரும். அந்த வீச்சில் டெக்கின் பாதி அகப்பட்டுவிடும். கயிற்றுக்குப் பக்கத்தில் இல்லை, தள்ளித்தான் நிற்கிறேன் என்று நினைப்பவன் சரியாக அந்த வட்டத்துக்குள் நிற்பான்.

முன்பு டெக்கில் கோடு போட்டு, ‘இதற்குள் நிற்காதே’ என்று குறித்து வைப்பார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். பிரிட்டனின் கடலோடிகளுக்கான பாதுகாப்பு நடைமுறைக் கோவை இப்போது அந்தக் கோடுகளே வேண்டாம் என்கிறது. கோட்டுக்கு வெளியே நின்றால் பிழைத்தோம் என்ற பொய்த் தைரியத்தை அவை கொடுக்கின்றன. கயிறு ஒவ்வொரு துறைமுகத்திலும் வேறு கோணத்தில் போகும், பெயின்ட் அதற்கேற்றபடி நகராது. அதனால் மூரிங் டெக் முழுவதையுமே ஆபத்தான இடமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கோடு போட்ட காலத்தில் பிள்ளைகள் கோட்டைப் பார்த்தார்கள், கயிற்றைப் பார்க்கவில்லை.

அப்படியானால் எங்கேதான் நிற்பது? கயிறு இறுகுவதற்கு முன்பே அதை முடிவு செய்துவிட வேண்டும். இந்தக் கயிறு எங்கே போகிறது, எந்த உருளையைச் சுற்றுகிறது, இங்கே அறுந்தால் என்ன ஆகும், நான் ஒதுங்க எந்த மறைப்பு இருக்கிறது என்று கயிறு தொய்ந்து கிடக்கும்போதே பார்த்து வைக்க வேண்டும். இறுக ஆரம்பித்த பிறகு வேலை இல்லாத யாரும் அங்கே இருக்கக் கூடாது. போன் எடுத்து வீடியோ பிடிக்கிற தம்பிமாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இழுபட்ட கயிற்றைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. டெக்கில் கயிறு வளையமாகக் கிடந்தால் அதற்குள் கால் இருக்கக் கூடாது. கயிறு ஓட ஆரம்பித்தால் அந்த வளையம் இறுகிக் காலை எடுத்துக்கொண்டு போய்விடும். விஞ்சின் டிரம் முனையில், அதாவது சுழலும் உருளையில், கயிறு பிடிப்பவர் டிரம்மை ஒட்டி நிற்கக் கூடாது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

கயிறு ஏன் அறுகிறது என்பதற்குக் காரணங்கள் பல. வெயிலில் நைவது, பெயர்லீட்டில் பிடித்த துருவில் உரசுவது, உரசிய சூட்டில் இழைகள் உருகி ஒட்டிக்கொள்வது. நனைந்த நைலோனுக்குப் பலம் கொஞ்சம் குறையும். ஒரே திசையில் ஒரு இரும்பு வடமும் ஒரு நைலோனும் கட்டினால், நீளாத வடம்தான் சுமை முழுவதையும் வாங்கும், நைலோன் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் எனக்குக் கோபம் வருகிற காரணம் வேறு. விஞ்சின் பிரேக்கைக் கயிற்றின் பலத்தில் சுமார் 60 சதவீதத்தில் வழுக்கும்படி அமைப்பார்கள். கயிறு அறுவதற்கு முன்பே பிரேக் வழுக்கிக் கொடுக்க வேண்டும், அதுதான் ஆளைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. சிலர் பிரேக் சக்கரத்தில் இரும்புக் குழாயைச் செருகி இன்னும் இரண்டு சுற்று இறுக்குவார்கள். பார்ப்பவர்களுக்கு அவர் பலசாலி, கெட்டிக்காரர். அந்த ஏற்பாட்டையே அவர் அங்கே அழித்துவிடுகிறார்.

அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற புதுப்பையன் என்ன செய்வான்? நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கங்காணி காலத்திலிருந்து வந்தது. மேலே இருக்கிறவர் சொன்னால் தலையாட்டுவது, கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பது. கப்பலில் கப்டன், சீஃப் ஒப்பிசர், போசன் என்று படிகள் உண்டு, மரியாதையும் வேண்டும்தான். ஆனால் மூரிங் வேலையில் யார் வேண்டுமானாலும் ‘ஸ்டொப்’ என்று கத்தலாம், கத்த வேண்டும். கயிற்றிலிருந்து புகை கிளம்பினாலும், முறுக்கும் சத்தம் கேட்டாலும், ஒருவர் தவறான இடத்தில் நின்றாலும் கத்துங்கள். நல்ல போசன் திட்ட மாட்டார். திட்டுகிற போசனாக இருந்தால் திட்டட்டும், திட்டு வாங்கியவன் வீட்டுக்கு வந்து சேருவான். வேலையை மேற்பார்வை செய்பவர் தானே கயிற்றைப் பிடிக்கப் போகக் கூடாது என்பதும் அதே காரணத்துக்காகத்தான். அவர் குனிந்தால் மற்றவர்களைப் பார்க்க யாரும் இல்லை.

சட்டமும் இப்போது கொஞ்சம் உதவுகிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் செய்த திருத்தம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூரிங் கயிறுகளையும் விஞ்சுகளையும் முறையாகச் சோதித்துப் பராமரிக்க வேண்டும், அதற்குப் பதிவும் வைக்க வேண்டும் என்பது பழைய கப்பல்களுக்கும் பொருந்தும். கப்பலில் சேர்ந்த முதல் வாரத்தில் போசனிடம், ‘அண்ணே, முன்பக்கத்துக் கயிறு எப்போது மாற்றியது, கடைசியாக எப்போது சோதித்தது’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்லுகிற விதத்திலேயே அந்தக் கப்பலைப் பற்றிப் பாதி புரிந்துவிடும்.

கப்பலுக்கே போகாத நேயர்களுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. மழைக்காலத்தில் தோட்டத்து ரோட்டில் லொறி புதைந்துவிட்டால் இன்னொரு வாகனத்தில் கயிறோ கம்பியோ கட்டி இழுக்கிறோம். சுற்றி ஊரே நின்று பார்க்கும், சின்னப் பிள்ளைகள் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். அங்கேயும் இழுபடுவதும் அறுவதும் இதே விதம்தான். கயிற்றை விடப் பயங்கரம், அதன் நுனியில் இருக்கிற இரும்புக் கொக்கியும், ஷெக்கிள் என்ற இணைப்பு வளையமும். பிடி விட்டுப் போனால் அது கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் பாதியாகக் குறைந்துவிடலாம், அதனால் அறுந்த கயிற்றை முடிந்து இழுக்காதீர்கள். கம்பியின் நடுவில் நனைந்த சாக்கு இரண்டைப் போட்டு வைத்தால் அறும்போது வீச்சு ஓரளவு குறையும். ஆட்களைக் கயிற்றின் நீளத்தை விடக் கூடுதல் தூரத்துக்கு விலக்குங்கள், இரண்டு வாகனத்துக்கும் நடுவில் ஒருவரையும் விடாதீர்கள். லொறி வெளியே வந்ததும் உடனே ஓடிப்போய்க் கொக்கியைக் கழற்றாமல், இரண்டு டிரைவர்களும் கை பிரேக் போட்டு, கயிறு தொய்ந்து தரையில் கிடக்கிறதா என்று பார்த்த பிறகு கிட்டப் போகச் சொல்லுங்கள்.

வணக்கம்.