மருந்து வீட்டுக்கு வந்த பிறகு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு குழந்தைக்குக் கீமோ சிகிச்சை நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் நம் மனக்கண்ணில் எழுவது மருத்துவமனைக் கட்டிலும் அதன் மேல் தொங்கும் மருந்துப் பையும்தான். ஆனால் சிறுவர்களுக்கு மிகுதியாக வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்கிறது என்பதும், தொடக்க மாதங்களுக்குப் பின் அதன் பெரும்பகுதி வீட்டிலேயே, பெற்றோரின் கையாலேயே நடக்கிறது என்பதும் பார்க்க வரும் உறவினர் பலருக்குத் தெரிவதில்லை.

அமினோப்டெரின் என்ற மருந்தால் சில குழந்தைகளிடம் இந்நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் அறிவித்தபோது, சில மாத ஆயுள் நீட்டிப்பே பெரும் வெற்றியாகக் கருதப்பட்டது. இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்த வெற்றியில் சமையலறை அலமாரியில் இருக்கும் மாத்திரை டப்பாவுக்கும் பங்குண்டு. நோய் திரும்பாமல் காக்க வீட்டிலேயே மருந்து தொடரும் பராமரிப்புக் கட்டத்தில் மெர்காப்டோபூரின் மாத்திரையை நாள்தோறும், மீத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டும்; மெர்காப்டோபூரினில் இருபது வேளைக்கு ஒரு வேளைக்கு மேல் தவறினாலே நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாயை இறுக மூடிக்கொள்ளும் நான்கு வயதுப் பிள்ளையிடம் இரவு தோறும் இதை நிறைவேற்றுவது எத்தகைய வேலை என்பதை, பிள்ளை வளர்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வீட்டில் எல்லோரும் கண் வைத்திருக்கும் பொருள் தெர்மாமீட்டர். கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கியிருக்கும் நேரத்தில் வரும் காய்ச்சல், பிற குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலைப் போன்றதன்று. வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொண்டு அவர்கள் சொல்கிறபடி புறப்பட வேண்டும். கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிடக் கூடாது. இதனால்தான் பல வீடுகளில் துணிப்பை ஒன்று எப்போதும் கட்டியே இருக்கும். சளியோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துகிறார்கள் என்று வருந்துவோரும் உண்டு. அந்த வருத்தத்தை அவர்கள் தங்களோடு வைத்துக்கொள்வதே நல்லது.

இவற்றையெல்லாம் விட வீட்டைக் குலைப்பவை ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்கள் என்பேன். முகம் உப்பி, தூக்கம் கெட்டு, தீராப் பசியோடு இருக்கும் குழந்தை இரவு இரண்டு மணிக்குச் சாப்பாடு கேட்கும்; கொண்டுவந்து வைத்ததும் இது வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டு அழும்; ஐந்து நிமிடத்தில் அதையே மீண்டும் கேட்கும். இது மருந்தின் வேலையே தவிர வளர்ப்பின் குறையன்று. பசிக்கும் அழுகைக்கும் விட்டுக்கொடுக்கலாம். தங்கையை அடிக்கக் கூடாது என்ற விதியை மட்டும் தளர்த்த வேண்டாம். நோய்வாய்ப்பட்ட பிள்ளையை எப்படிக் கண்டிப்பது என்று பெற்றோர் தயங்குவது இயல்பே. ஆனால் வழக்கமான விதிகள் எல்லாம் ஒரே நாளில் மறைந்துவிட்டால், தன் நிலைமை அவ்வளவு மோசமோ என்று குழந்தையே அஞ்சத் தொடங்கிவிடும்.

அந்தத் தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். திடீரென்று பாட்டி வீட்டில் விடப்படும் குழந்தை, தான் சண்டை போட்டதால்தான் அண்ணனுக்கு நோய் வந்ததோ என்று தனக்குள் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். இது யாருடைய செயலாலும் வரவில்லை, தொற்றவும் செய்யாது என்று அவளிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அவள் வகுப்பில் யாருக்கேனும் சின்னம்மை வந்தால் அன்றே வீட்டில் சொல்ல வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு அது பெரும் ஆபத்து என்பதோடு, இந்தப் போராட்டத்தில் தனக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும்.

உறவினருக்கும் நண்பருக்கும் ஒரு வேண்டுகோள். ‘என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கும் தெம்பு அவர்களிடம் இருக்காது. செவ்வாய்க்கிழமைதோறும் தங்கையைப் பள்ளியிலிருந்து நான் அழைத்து வருகிறேன் என்று சொல்லுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் ரத்தப் பரிசோதனைகள் ஆண்டுக்கணக்கில் தொடரும். மருந்து நின்ற அந்த மாதங்களில்தான் பல பெற்றோருக்குப் பயம் கூடுகிறது. ஆகவே, அந்தச் செவ்வாய்க்கிழமைகளை அப்போதும் நிறுத்திவிடாதீர்கள்.