எல்லாம் புக் பண்ணிப் போறதோ, பையைத் தூக்கிக்கொண்டு போறதோ?

சரி, அடுத்த கேள்வி. கோண்டாவிலில இருந்து ஒரு அண்ணை கேட்டிருக்கிறார். "நுவரெலியாப் பக்கம் அஞ்சு நாள் போறம், ரெண்டு சின்னப் பிள்ளையளும் வருகினம். நான் மணித்தியாலக் கணக்கில எழுதி, எல்லா றூமையும் புக் பண்ணிப்போட்டுத்தான் வெளிக்கிடுவன். மனுசி சொல்லுறா, போவம், அங்க போய்ப் பாப்பம் எண்டு. ஆர் சொல்லுறது சரி?"

அண்ணை, ரெண்டு பேரும் பிழையான இடத்தில நிண்டு சண்டை பிடிக்கிறியள். முழுப் பயணத்தையும் ஒரே மாதிரி நடத்தத் தேவையில்லை. ஒவ்வொரு துண்டையும் தனித்தனிய எடுத்து ஒண்டைக் கேளுங்கோ: இது தவறினா அடுத்தது எப்ப? "அரை மணித்தியாலத்தில" எண்டு வந்தா அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். "நாளைக்கு" எண்டோ, "இந்தப் பயணத்தில இனி இல்லை" எண்டோ வந்தா, அதை முதலே ஒழுங்கு பண்ணிப் போடுங்கோ.

எங்கட யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் படகுத்துறையைப் பாருங்கோ. நயினாதீவுக்குப் படகு பகல் முழுக்க வந்து போகுது, கால் மணித்தியாலம் இருபது நிமிச ஓட்டம். ஒண்டை விட்டா அடுத்ததில ஏறலாம். அதே துறையில இருந்து நெடுந்தீவு எண்டால் கதை வேற. ஒரு மணித்தியாலம் மட்டில கடல், ஒரு நாளைக்குச் சில தரம்தான் படகு. காலமைப் படகை விட்டா அண்டைய நாள் போச்சு. பின்னேரப் படகை விட்டா இரவு அங்கதான். அதால நெடுந்தீவுக்குப் போறவை முதல்ல கேட்க வேண்டியது போற நேரத்தையில்லை, திரும்புற நேரத்தை. அதையும் துறையில படகுக்காரரிட்டக் கேளுங்கோ, நெற்றில கிடக்கிற பழைய நேர அட்டவணையை நம்பாதேங்கோ. கடைசிப் படகில இருந்து பின்னுக்கு எண்ணிக்கொண்டு வந்தாத்தான் பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, குதிரையள் எண்டு எத்தினைக்கு நேரம் இருக்கெண்டு தெரியும்.

இன்னொண்டும் இருக்கு. நயினாதீவு எப்பவும் சுகமெண்டில்லை. போயா நாளில, நீண்ட லீவில தெற்கில இருந்து நாகவிகாரைக்குச் சனம் பஸ் பஸ்ஸா வரும், அண்டைக்கு வரிசை எங்கயோ போய் நிக்கும். சோழகம் பலமா அடிச்சாலோ, வாடை தொடங்கிக் கடல் குழம்பினாலோ படகே நிண்டு போகும். ஆகவே கேள்வியை இடத்துக்கு மட்டும் கேட்டாப் போதாது, திகதியையும் சேர்த்துக் கேளுங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாழ்ப்பாணத்தில றூம் தேடுறவைக்கும், சித்திரை வருசத்துக்கு நுவரெலியாவில றூம் தேடுறவைக்கும் இது நல்லாத் தெரியும். மற்ற மாசத்தில போன் அடிச்சுப்போட்டுப் போற இடம், அந்த நேரம் ரெண்டு மூண்டு மடங்கு காசு குடுத்தாலும் கிடையாது.

இப்ப உங்கட பயணத்துக்கு வருவம். முதல்ல ரெயின். ஒதுக்கின சீற்றுக்கு 30 நாளைக்கு முதல் பதிவு திறக்கும். மலைநாட்டு லைனில, அதுவும் சனி ஞாயிறெண்டால், சீற் கெதியா முடிஞ்சிடும். மூண்டாம் வகுப்பு ஒதுக்காத ரிக்கெற் அண்டைக்கே ஸ்ரேசனில எடுக்கலாம், அது முடிஞ்சுதெண்டு இல்லை. ஆனா கண்டியில இருந்து, நுவரெலியாவுக்கு இறங்கிற நானுஓயா ஸ்ரேசனுக்கு நாலு மணித்தியாலம் மட்டில. தனிய ஒரு பெடியன் வாசலுக்குக் கிட்ட நிண்டு போவான், ரெண்டு பிள்ளையளோட அது சரிவராது. எனவே ரெயின் உங்கட பக்கம் அண்ணை, முதலே புக் பண்ணுங்கோ. புக் பண்ணேக்க ஒண்டைக் கவனியுங்கோ: உடரட்ட மெனிக்கே எண்ட ரெயின் கண்டி ஸ்ரேசனுக்குள்ள வராது, பேராதனையால திரும்பிப் போயிடும். கண்டியில நிண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆக்கள் இருக்கினம். ஐப்பசி, கார்த்திகை மழையில மண்சரிவு வந்தா லைனே மூடுப்படும், வெளிக்கிட முதல் அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு, 1919 க்கு அடிச்சுக் கேளுங்கோ.

றூமில முதல் இரவையும் கடைசி இரவையும் மட்டும் புக் பண்ணுங்கோ. இருட்டினாப் பிறகு, களைச்ச பிள்ளையளோட ஒரு வாசலில நிண்டா, அவன் சொல்லுற விலைதான் விலை. கடைசி இரவு எதுக்கெண்டால், அடுத்த நாள் ஏறப் போற இடத்துக்குக் கிட்டப் படுக்கிறதுக்கு. நடுவில உள்ள இரவுகளை மனுசியிட்ட விடுங்கோ. அண்டைக்குக் காலமை பத்து, பதினொரு மணிக்குப் போன் எடுத்தாக் காணும், அந்த நேரம்தான் எத்தினை றூம் காலியாகுதெண்டு அவைக்கே தெரியும். சுடுதண்ணி இருக்கோ எண்டு மட்டும் கேளாதேங்கோ, கரண்டிலயோ சோலரிலயோ எண்டு கேளுங்கோ. நாலு நாள் மழை பெஞ்ச இடத்தில சோலர்த் தண்ணி பச்சைத்தண்ணிதான்.

ஹோட்டன் சமவெளி போறதெண்டால் அதுக்கு நேரம் இறுக்கிப் பிடியுங்கோ. வாசல் காலமை ஆறு மணிக்குத் திறக்கும். உள்ளுக்க உலக முடிவு எண்ட செங்குத்து மலை விளிம்பில ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் புகார் மூடிடும், பாக்கிறதுக்கு வெள்ளைச் சுவர்தான். நுவரெலியாவில இருந்து வாகனத்தில ஒரு மணித்தியாலத்துக்கு மேல. சுற்றி நடக்க 9 கிலோமீற்றர் மட்டில. சாப்பாட்டைப் பொலித்தீனில சுத்திக் கொண்டு போனா வாசலில கழட்டிப் போடுவினம், பெட்டியில கட்டுங்கோ.

எல்லாம் எழுதி வைக்கிற ஆக்கள் வழமையா விடுற பிழை, சும்மா இருக்கிற நாளைக் கடைசியில வைக்கிறது. கடைசியில வைச்ச நாள் ஒண்டுக்கும் உதவாது. தவறக்கூடாத அலுவலுக்கு முதல் அரை நாள் வெறுமையா விடுங்கோ: ரெயினுக்கு முதல், ஹோட்டன் சமவெளிக்கு முதல் நாள் பின்னேரம். முன்னால நடந்த பிந்தல் எல்லாம் அந்த அரை நாளுக்குள்ள அடங்கிடும். போனில காட்டுற ஓட்ட நேரத்தையும் அப்பிடியே எழுதாதேங்கோ. மலை றோட்டில வானுக்கு மணித்தியாலத்துக்கு 25, 30 கிலோமீற்றர் எண்டு வையுங்கோ.

வான் பிடிக்கிறதெண்டால், மனுசியின்ர மாதிரிப் போறவை ஏறமுதலே கிலோமீற்றர் கணக்கில பேசவேணும். ஒரு நாளைக்கு எத்தினை கிலோமீற்றர், அதுக்கு மேல ஒவ்வொண்டுக்கும் எவ்வளவு, சாரதியின்ர படுக்கை சாப்பாடு ஆற்ற கணக்கு. இன்ன இன்ன இடமெண்டு சொல்லி விலை பேசிப்போட்டு, பிறகு "இந்த அருவியையும் ஒருக்காப் பாப்பம்" எண்டு திருப்பினாச் சாரதிக்கு முகம் மாறும், அவரிலயும் பிழை சொல்லேலாது. பேசினதை வட்ஸ்அப்பில எழுதி அனுப்பி, அவர் "ஓம்" எண்டு போட்டாப் பிறகு அட்வான்சைக் குடுங்கோ.