நடுவில் நிற்பவரின் சம்பளம்

நேயர்களுக்கு வணக்கம். கம்பெனி நிர்வாகிகளின் சம்பளத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு இது நெடுநாள் பித்து. ஆண்டறிக்கை வந்தால் மற்றவர்கள் டிவிடெண்ட் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நான் பின்னிணைப்பில் ஒரு பக்கத்தைத் தேடுவேன். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 197ஆம் பிரிவின்படி, பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள், ஒவ்வொரு இயக்குநரும் வாங்குவது நடு ஊழியர் வாங்குவதைப்போல் எத்தனை மடங்கு என்று அச்சிட்டுக் காட்டியாக வேண்டும்.

யார் அந்த நடு ஊழியர்? சம்பளப் பட்டியலில் உள்ள எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வையுங்கள். சரியாக நடுவில் நிற்கிறாரே, அவர்தான். சராசரி எடுத்தால் மேலே இருப்பவரின் கோடிகளும் அதில் கலந்துவிடும். நடு ஆளிடம் அந்த ஜாலம் பலிக்காது.

சென்னையில் ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் சபா அரங்குகளில் நடந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். டிபன் பொட்டலத்துக்காகவே வரும் பங்குதாரர்கள் உண்டு. அப்படியொரு கூட்டத்தில் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, "போன வருஷம் ஸ்வீட் வெச்சீங்க, இந்த வருஷம் ஏன் சார் இல்லை?" என்றார். சேர்மன் சிரித்துச் சிரித்து நீளமாகச் சமாதானம் சொன்னார். அடுத்து நான் எழுந்து, இந்த மடங்கு ஏன் ஒரே வருஷத்தில் இப்படி ஏறிவிட்டது என்று கேட்டேன். "மார்க்கெட் ரேட் சார்" என்று முடித்துவிட்டார்.

அந்த மார்க்கெட் ரேட் எப்படி உருவாகிறது தெரியுமா? சம்பளத்தை நிர்ணயிக்கும் குழு, இதே அளவுள்ள மற்ற கம்பெனிகளில் என்ன தருகிறார்கள் என்று பார்க்கும். எங்கள் எம்.டி. கொஞ்சம் மட்டம்தான் என்று எந்தக் குழுவாவது எழுதுமா? கல்யாணத்தில் சீர் பேசுவது மாதிரி. பக்கத்து வீட்டில் எத்தனை பவுன் போட்டார்களோ, அதற்கு ஒன்றிரண்டு கூடத்தான் கேட்பார்கள். அடுத்த வருஷம் அதுவே எல்லோருக்கும் அடிமட்டம்.

இன்னொன்று. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, கேன்டீன்காரர், துப்புரவுப் பணியாளர், பல ஆலைகளில் மெஷினில் நிற்பவரேகூட கான்ட்ராக்ட் ஆள். அவர் பெயர் கான்ட்ராக்டர் பட்டியலில் இருக்கும். நான் சொன்ன அந்த வரிசையில் அவர் நிற்பதே இல்லை. குறைந்த சம்பள வேலைகளை வெளியே கொடுத்துவிட்டால் நடு ஆளின் சம்பளம் காகிதத்தில் உயரும், மடங்கு இறங்கும். யார் கையிலும் ஒரு ரூபாய் கூடியிருக்காது. மறுபடியும் சொல்கிறேன், ஒரு ரூபாய் கூடியிருக்காது.

சரி, இதனால் நாட்டுக்கு என்ன? செக்யூரிட்டிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கூடினால் அது மளிகைக் கடைக்கும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கும் அந்த மாதமே போய்விடும். ஏற்கெனவே கோடிகளில் வாங்குபவருக்குக் கூடுவதில் பெரும்பகுதி பங்கிலும் மனையிலும் போய் உட்காரும். மனை விலை ஏறினால் செக்யூரிட்டியின் வீட்டு வாடகையும் ஏறும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2024-25 மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையைப் பாருங்கள்: 2023-24இல் பெரிய கம்பெனிகளின் லாபம் 22.3 சதவீதம் வளர்ந்தது, வேலைவாய்ப்பு 1.5 சதவீதம். சோப்பும் பிஸ்கட்டும் விற்கவில்லை என்று அதே கம்பெனிகள் புலம்பினால், வாங்க வேண்டியவர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாமா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வெளிநாட்டுக் கதைகள் நிறைய வைத்திருந்தேன். அமெரிக்காவில் 1993இல், உயர் நிர்வாகிக்குத் தரும் சம்பளம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால் அந்த மிச்சத்துக்குக் கம்பெனிக்கு வரிக்கழிவு இல்லை என்றார்கள்; செயல்திறனுக்குத் தருவதற்கு மட்டும் விலக்கு. அவ்வளவுதான், சம்பளம் ஸ்டாக் ஆப்ஷனாக, அதாவது கம்பெனிப் பங்கை முன்பே குறித்த விலைக்கு வாங்கும் உரிமையாக, வேஷம் மாறி இன்னும் வேகமாக ஏறியது. சுவிட்சர்லாந்தில், ஒரு கம்பெனியின் மிக உயர்ந்த சம்பளம் அதே கம்பெனியின் மிகக் குறைந்த சம்பளத்தைப்போல் 12 மடங்குக்கு மேல் கூடாது என்று 2013இல் மக்களிடம் வாக்கெடுப்பே நடத்தினார்கள், தோற்றுப்போனது. ஏன் தோற்றது என்பதற்கு இன்னொரு நாள் வருகிறேன். வணக்கம்.