ஒரு வளவும் மூன்று மாரியும்

வணக்கம் நேயர்களே.

திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்குக் கிழக்கே, கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று வந்து தொடும் தூரத்தில், எங்களுக்கு ஒரு ஏக்கர் வளவு இருக்கிறது. 2006 இல் சண்டைக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு வெளிக்கிட்டோம். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கதவே இல்லை. கூரையும் இல்லை, மூன்று சுவர் மட்டும் நின்றது. முற்றம் முழுக்க நாயுண்ணி, விடத்தல், காரை என்று ஆளுயரப் பற்றை. எல்லை எங்கே என்று காட்டித் தந்தது உறுதிக் கடதாசியில்லை, அப்பா வேலிக்கு நட்ட பூவரசுகள்தான். ஒரே வரிசையில் பெரிய மரங்களாகி நின்றன.

2023 மாசியில், ஓய்வூதியம் எடுத்த கையோடு கத்தியும் மண்வெட்டியுமாக இறங்கினேன். மிதிவெடி அகற்றுபவர்கள் பார்த்து முடித்த காணி என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் மண்ணில் கை வைத்தேன். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன், ஆனால் நீங்கள் அதை ஒரு வரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் கிணறு. அதில்தான் நான் வடிவாகப் பிழை விட்டேன்.

பாழ்கிணறு என்றால் இறைத்துத் துப்புரவாக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இரண்டங்குல பம்ப் ஒன்றை வாடகைக்கு எடுத்து, காலை தொடங்கிப் பொழுதுபடும்வரை இறைத்தேன். தவளை, சருகு, ஒரு பழைய வாளி, சேறு எல்லாம் வெளியே வந்தன. நல்ல சந்தோஷம். மறுநாள் காலை ஒரு வாய் அள்ளிக் குடித்தேன். உவர்! பக்கத்து வளவு மாமிக்கு எண்பது வயது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கிணத்த இறைச்சுக் கொல்லாத. ஊற ஊற அள்ளு" என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே மாமி என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கரையோர மணலுக்குக் கீழே நன்னீர் தனியாக இல்லை, உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதன் பாரத்தால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மேலே கொஞ்சம் குறைத்தால் போதும், கீழே கிடக்கும் உப்பு பல மடங்கு மேலே ஏறப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கடல் புகுந்த கிணறுகளை நல்லெண்ணத்தில் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சில இடங்களில் அதனாலேயே உவர் கூடிப்போனது. உப்பைக் கழுவிக் கீழே அனுப்பியது மழைதான். என் கிணறும் அடுத்த மாரி முடிந்த பிறகுதான் மாமியின் தேநீருக்கு உதவும் தண்ணீராக மாறியது. இப்போது பம்ப் இல்லை. காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம், வாளியால் அள்ளுகிறேன்.

இரண்டாவது பிழை மண் வழிக்கிற பெக்கோ இயந்திரம். ஒரே நாளில் பாதி வளவை வழித்து வெறுந்தரையாக்கித் தந்தது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், "அப்பா காலத்து முற்றம் மாதிரி இருக்கு" என்று பதில் போட்டார். பிறகு சித்திரையில் வெயில், வைகாசியிலிருந்து தென்மேற்கால் அடிக்கிற கச்சான் காற்று. மேல்மண் புழுதியாகப் பறந்தது. மிச்சத்தை முதல் மாரி பள்ளத்துக்கு அள்ளிக்கொண்டு போனது. கையால் வெட்டி, வெட்டியதை அங்கேயே பரப்பிவிட்ட மறுபாதியில் மண் இருந்த இடத்தில் இருந்தது. ஒரு வளவை எடுத்தால் முதல் மாரிக்கு நீங்கள் செய்ய வேண்டியது குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, தண்ணீர் எந்த மூலையால் வருகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்ப்பதுதான். குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், கோடையில் மறந்துபோகும்.

எங்கள் மழைக்கு முன்பெல்லாம் ஒரு ஒழுங்கு இருந்தது. ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகை மார்கழியில் கொட்டி, தையோடு ஓயும். இப்போது அறுவடை நேரத்தில் கொட்டுகிறது, விதைக்கிற நேரத்தில் வெயில் எரிக்கிறது. புயலும் நமக்குப் புதிதில்லை. 2000 இல் ஒரு புயல் திருகோணமலைக் கரையைக் கடந்ததும் டிசம்பர் 26, நான்கு வருடம் கழித்துக் கடல் வந்ததும் டிசம்பர் 26. அந்தத் தேதியில் என் அக்கா இன்னும் வெளியூர்ப் பயணம் வைப்பதில்லை. 2020 டிசம்பரில் புரெவி வந்தது, 2025 நவம்பர் கடைசியில் டித்வா. அந்த வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மகாவலி நம்முடைய குடாவில்தான் கடலோடு சேருகிறது. மலைநாட்டில் பெய்தது இங்கே வந்து சேரும்போது நமக்கு மேலே வானம் வெளித்துக்கூட இருக்கலாம். ஆகவே முற்றத்தில் நின்று மேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. கண்டி, மாத்தளைப் பக்கச் செய்தியையும் கேளுங்கள். சந்தேகம் என்றால் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு அடித்துக் கேளுங்கள்.

மழையும் வெயிலும் தவணை தவறி வருவதால், இரண்டுக்கும் உதவுகிற வேலையைத்தான் நான் முதலில் செய்கிறேன். தேங்காய் உரித்த பொச்சுமட்டையை நிரப்பும் குழி அப்படிப்பட்டது. தென்னை வரிசைகளுக்கு நடுவே, அடிமரத்திலிருந்து பத்தடி தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு மேல் ஒரு கான், அதாவது நீளக் குழி, வெட்டுங்கள். மட்டையின் உட்குழி வானத்தைப் பார்க்க அடுக்குங்கள். ஒரு அடுக்கு மட்டை, ஒரு அடுக்கு மண். மாரியில் ஓடி வருகிற தண்ணீரை அது வாங்கி வைத்துக்கொள்ளும், கோடையில் வேர் தேடி வந்து குடிக்கும். போன ஆடியில் ஒரு குழியைக் கிளறிப் பார்த்தேன். மேலே மணல் சுடுகிறது, ஒரு முழம் கீழே மட்டையைப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிகிறது. வெள்ளை வெள்ளையாகத் தென்னை வேர் நார்களுக்குள் நுழைந்திருந்தது.

முருங்கையைப் புரட்டாசியிலேயே பாதிக்கு வெட்டிவிடுகிறேன், அது காற்றுக்கு முறிகிற சாதி. காற்றுப் பக்கத்துக்கு மதில் கட்டவில்லை. முதல் மழையோடு, உயிர்வேலிக்கு நடுகிற கிளிசரியா மரத்தின் தடி ஊன்றினேன். காற்றை உள்ளே விட்டு வேகத்தைக் குறைக்கும், குழை பசளையாகும். டித்வாவில் சாய்ந்தவை நான்கு வாழையும் ஒரு பப்பாசியும்தான்.

அப்புறம், விழுந்த தென்னங்குற்றிகள். இரண்டை இருந்து கதைக்கலாம் என்று ஆசையாகப் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் இளங்கன்றின் குருத்தோலை விரிந்தபோது, கத்தரியால் விசிறி வெட்டியது போல இருந்தது. குற்றியைக் கோடரியால் பிளந்தேன். உள்ளே கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள், வட்டமாகச் சுருண்டு கிடந்தன. தென்னங்குருத்தைத் துளைக்கும் கருவண்டை நானே வளர்த்திருக்கிறேன்! அன்றே பிளந்து எரித்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் சரி போலிருக்கிறது. ஒரேயொரு வேண்டுகோள். தெற்குப் பக்கம் இன்னும் ஏழு குழி வெட்டிக் கிடக்கிறது, நிரப்ப மட்டை இல்லை. மூதூர், கட்டைபறிச்சான், சேனையூர்ப் பக்கம் யாரிடமாவது பொச்சுமட்டை குவிந்திருந்தால் எரித்துவிடாதீர்கள். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன். வணக்கம்.