கட்டடத்துக்கு ஒரு வாக்கு, கதவு திறந்திருக்க இன்னொரு வாக்கு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஒரு நகரத்தின் பொது நூலகங்கள் பழுதடைந்துவிட்டால், அவற்றைச் சீரமைப்பதற்கான பணத்தை யார் தருவது? அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகரத்து மக்கள் இந்தக் கேள்விக்கு வாக்குச்சீட்டின் வழியே விடை சொன்னார்கள். தங்கள் சொத்து வரி உயர்ந்தாலும் நூலகங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று 1998, 2012, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர்கள் சம்மதம் தெரிவித்தார்கள். ஆனால், இந்த வரலாறு ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது.

1994ஆம் ஆண்டில் நூலகக் கட்டடங்களுக்காக 15 கோடியே 50 லட்சம் டாலர் திரட்டும் திட்டம் ஒன்று மக்கள் முன் வைக்கப்பட்டது. வாக்களித்தவர்களில் 57 விழுக்காட்டினர் அதை ஆதரித்தும் திட்டம் தோற்றது. நகரம் கடன் பத்திரம் வெளியிட்டு, அந்தக் கடனைக் கூடுதல் சொத்து வரியால் அடைக்க வேண்டுமானால், வாக்களித்தோரில் 60 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் சட்டம். பெரும்பான்மை மக்கள் விரும்பிய ஒன்று மூன்று விழுக்காடு குறைந்ததால் நின்றுபோனது நூலக அன்பர்களுக்கு வருத்தம் அளித்திருக்கும். ஆயினும், பல ஆண்டுகள் சுமக்க வேண்டிய ஒரு கடனுக்கு வெறும் பாதிக்கு மேற்பட்டோரின் சம்மதம் போதாது என்று சட்டம் கருதுவதில் நியாயம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஏனெனில், அந்த உயர்ந்த வரம்புதான் நூலகத்தாரை மக்களிடம் திரும்பிப் போக வைத்தது.

1997இல் டெபோரா ஜேக்கப்ஸ் அம்மையார் நகர நூலகராகப் பொறுப்பேற்றார். அவரும் அவருடைய அலுவலர்களும் குடியிருப்புப் பகுதிகளுக்கு நேரில் சென்று, உங்கள் கிளை நூலகத்தில் என்ன குறை, என்ன வேண்டும் என்று மக்களிடம் கேட்டார்கள். அதன்பின் உருவான திட்டம் 'அனைவருக்கும் நூலகங்கள்' என்ற பெயரில் 1998 நவம்பர் மாதம் வாக்குச்சீட்டில் இடம்பெற்றது. கேட்ட தொகை முன்னதைவிடப் பெரிது: 19 கோடியே 64 லட்சம் டாலர். மூன்றில் இரு பங்குக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் அளித்தார்கள். அதுவரை அந்த நாட்டில் நூலகங்களுக்காக மக்கள் ஒப்பிய கடன் பத்திரங்களில் இதுவே மிகப் பெரியது என்று அப்போது பேசப்பட்டது.

தொகை கூடியபோது ஆதரவும் கூடியதற்கு நான் காணும் காரணம் எளியது. நகரின் மையத்தில் ஒரு புதிய தலைமை நூலகம் என்பதோடு திட்டம் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு கிளைக்கும் என்ன செய்யப்போகிறோம், எதைப் புதுப்பிப்போம், எதை விரிவாக்குவோம், எதை இடித்துக் கட்டுவோம் என்பதை அது பகுதிவாரியாகச் சொன்னது. தன் தெருமுனையிலுள்ள கிளையின் பெயரைப் பட்டியலில் பார்த்த ஒருவருக்கு அந்த வரி வேறு யாருக்கோ கட்டும் வரியாகத் தோன்றியிராது. பணி நடக்கும்போது கணக்கையும் வேகத்தையும் மேற்பார்க்கக் குடிமக்களைக் கொண்ட குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. மக்கள் காட்டிய இந்த நம்பிக்கைக்குப் பின்னால் தனியார் நன்கொடைகளும் வந்து சேர்ந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கிய பில் கேட்ஸ், பால் ஆலன் இருவர் தரப்பிலிருந்தும் பெருந்தொகைகள் கிடைத்தன.

உலகம் அறிந்தது 2004 மே மாதம் திறக்கப்பட்ட தலைமை நூலகத்தைத்தான். கண்ணாடியும் எஃகும் கொண்டு டச்சுக் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸ் குழுவினர் வடிவமைத்த பதினொரு மாடிக் கட்டடம் அது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பு வரிசை எங்கும் முறியாமல், நூலடுக்குகள் நான்கு மாடிகளுக்குச் சரிவான ஒரே சுருள்பாதையாகத் தொடர்ந்து செல்லும் அமைப்பு, புத்தகங்கள் பெருகும்போது அறைகளை மாற்றி மாற்றித் திண்டாடும் எந்த நூலகருக்கும் மகிழ்ச்சி தரக்கூடியது. இருந்தாலும், என் மனம் கிளைகளின் பக்கமே செல்கிறது. டெல்ரிட்ஜ், நார்த்கேட், சவுத் பார்க், சீனர்களும் வியட்நாமியரும் நிறைந்த இன்டர்நேஷனல் டிஸ்ட்ரிக்ட் ஆகிய நான்கு பகுதிகளுக்குப் புதிய கிளைகள் கிடைத்தன. டெல்ரிட்ஜில் தரைத்தளத்தில் நூலகமும் அதன் மேல்தளங்களில் குறைந்த வாடகைக் குடியிருப்புகளும் அமைந்தன. பல்லார்டு கிளையின் கூரை மீது புல்லும் செடிகளும் வளர்க்கப்பட்டன. தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகியின் நன்கொடையால் எழுந்து, நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த பழைய கட்டடங்கள் தம் பழைய முகம் மாறாமல் புதுப்பிக்கப்பட்டன. 2008இல் பணிகள் நிறைவடைந்தபோது நகரில் தலைமை நூலகத்தோடு 26 கிளைகள் இருந்தன. சொன்ன பட்டியலை முடித்துக்காட்டியதுதான் இதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால், கடன் பத்திரத்தால் வரும் பணம் செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் உரியது. அதிலிருந்து நூலகருக்குச் சம்பளம் தர முடியாது. அன்றாடச் செலவு நகரத்தின் பொது நிதியிலிருந்து வர வேண்டும். பொருளாதாரம் சரிந்தால் அந்த நிதியும் சரியும். அதுவே நடந்தது. 2009 முதல் 2012 வரை ஒவ்வோர் ஆண்டும் கோடையின் இறுதியில் ஒரு வாரம் நகரின் நூலகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. அலுவலர்களுக்கு அந்த வாரம் சம்பளம் இல்லை. பல கிளைகள் வாரத்தில் ஐந்து நாள்கள் மட்டுமே இயங்கின. மக்கள் தங்கள் வரிப்பணத்தில் கட்டிய அழகான கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன என்பதை நினைக்கவே மனம் பொறுக்கவில்லை.

2012இல் நகரம் மீண்டும் மக்களிடம் சென்றது. இம்முறை கேட்டது கடன் பத்திரம் அன்று; ஏழு ஆண்டுகளுக்கு மட்டும் வசூலிக்கப்படும் தனிச் சொத்து வரி. ஏறத்தாழ 12 கோடியே 30 லட்சம் டாலர் திரட்டும் அந்த வரியின் நோக்கங்கள் நான்கு வகையில் அடங்கின: திறப்பு நேரத்தைக் கூட்டுவது, புத்தகங்கள் வாங்குவது, கணினி வசதியை மேம்படுத்துவது, கட்டடங்களைப் பராமரிப்பது. இத்தகைய வரிக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். அதைவிட மிகுதியாகவே ஆதரவு கிடைத்தது. ஒரு வாரப் பூட்டடைப்பு முடிவுக்கு வந்தது. எல்லாக் கிளைகளும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்தன.

சொத்து வரியோடு நூலகத்துக்கென ஒரு பங்கு வசூலிப்பது நமக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே, எஸ். ஆர். ரங்கநாதன் போன்ற முன்னோடிகளின் முயற்சியால், நூலக வரி நம் மாநிலத்தில் வேரூன்றியது. ஆனால், நம் வீட்டு வரி ரசீதில் உள்ள அந்தத் தொகை எந்தக் கிளையின் எந்த அலமாரியாக மாறியது என்பது செலுத்துகிறவருக்குத் தெரிவதில்லை. உள்ளாட்சிகள் அதை வசூலித்த பின்னும் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் நிலுவை வைக்கும் செய்திகளையும் நாம் அவ்வப்போது படிக்கிறோம். நம் வரி நிலையானது, அவர்களுடையது ஏழாண்டுக்கு ஒருமுறை மக்களிடம் கையேந்த வேண்டியது. எனவே, பாதுகாப்பு நம்முடையதில்தான் கூடுதல். கணக்குச் சொல்லும் கடமை அவர்களுடையதில் கூடுதல். நமக்கு இரண்டும் வேண்டும்.

2019இல் சியாட்டில் மக்கள் அந்த வரியை 21 கோடியே 91 லட்சம் டாலராக உயர்த்திப் புதுப்பித்தார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்த அந்தத் திட்டத்தின் பயனாக, 2020 ஜனவரி முதல் தாமதக் கட்டணம் அறவே நீக்கப்பட்டது. நிலுவைத் தொகைக்கு அஞ்சி நூலகத்தையே தவிர்த்துவிடும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை அறிந்தவர்கள், இதன் பயனை உணர்வார்கள். அபராதத்தால் வந்துகொண்டிருந்த வருவாயை இந்த வரி ஈடுகட்டியது.

அதே நிதியில் இன்னொரு பணிக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. சியாட்டில் நிலநடுக்கப் பகுதியில் உள்ள நகரம், 2001இல் 6.8 அளவிலான நிலநடுக்கம் அதை உலுக்கியிருக்கிறது. 1910இல் திறக்கப்பட்ட கிரீன் லேக், யுனிவர்சிட்டி கிளைகளும், 1915இல் திறக்கப்பட்ட கொலம்பியா கிளையும் செங்கல் சுவர்களால் ஆன பழைய கட்டடங்கள். 1998இல் ஒப்பிய பணத்தில் அழகு பெற்ற அதே மூன்று கட்டடங்களும் அதிர்வைத் தாங்கும்படி வலுவூட்டப்பட வேண்டும் என்று 2019இன் திட்டம் சொன்னது. அந்த வரியின் ஏழாண்டுக் காலம் 2026ஆம் ஆண்டோடு முடிகிறது. அதற்குமேல் தொடர வேண்டுமானால், நூலகம் மறுபடியும் வாக்காளர்களிடம்தான் சென்றாக வேண்டும்.

நன்றி, வணக்கம்.