கடலைக் குறை சொன்ன வீடியோவும் என் வலது கண்ணும்

வணக்கம் மக்களே. சத்தம் கேட்கிறதா? கச்சான் காற்று இன்னும் முழுசாக ஓயவில்லை, போனைக் கைப்பையில் சாய்த்து வைத்திருக்கிறேன், அது சரிந்தால் உங்களுக்கு வானம் மட்டும்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் நம்ம தேவிபட்டினம்தான். எனக்குப் பின்னால் கடலுக்குள் நிற்கிறதே, அதுதான் நவபாஷாணம். ராமர் சேது கட்டப் போகும்முன் நவக்கிரகங்களை நினைத்து நட்ட ஒன்பது கல் என்று சொல்வார்கள். தண்ணீர் ஏறினால் பாதி முங்கிவிடும், இப்போது வற்றியிருப்பதால் எல்லாமே தலை காட்டுகின்றன. இந்தத் திண்டில் உட்கார்ந்தபடியே ஒன்பதையும் எண்ணினேன். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வீடியோவே.

அதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு. பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று, "எங்க கடல் கெட்டுப்போச்சு, நீலமெல்லாம் போயிடுச்சு, பழுப்பாக் கிடக்கு" என்று ஒரு வீடியோ போட்டேன். பேரன் தொடங்கிக் கொடுத்த இந்தச் சேனலில் நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். நிறையப் பேர் கூடவே சேர்ந்து வருத்தப்பட்டீர்கள். அந்த வீடியோவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முழுசாக அல்ல, கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கட்டும். நிறத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் என் தப்பு. கெட்டுப்போனது என் கண்.

இந்தப் பக்கத்துக் கடல் எப்போது தெளியும், எப்போது கலங்கும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐப்பசியில் வாடை திரும்பினால் தை வரைக்கும் கலங்கல், அலையும் இருக்கும். ஆனி ஆடியில் கச்சான் அடித்தால் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும், தண்ணீர் தெளிந்து தட்டில் ஊற்றி வைத்த மாதிரி கிடக்கும். எங்கள் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் போனவர், காலையில் வாசலில் நின்றபடியே தண்ணீர் நிறத்தைப் பார்த்து இன்றைக்கு வலை நனைக்கலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார். நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துப் பெண். நாரை பறக்காத 48 மடைக் கண்மாய் என்பார்களே, அந்தக் கண்மாய்க் கரையில் வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் செம்மண் கரைந்த தண்ணீர். 19 வயதில் வாக்கப்பட்டு இங்கே வந்து இறங்கினபோது அது ஆடி மாதம், இந்த நீலத்தைப் பார்த்துவிட்டு என் மாமியாரிடம், "இதுல சாயம் எதுவும் கலக்குறாங்களா அத்தை?" என்று கேட்டேன். ஊரே சிரித்தது.

அப்படிப்பட்ட கடல் ஆடியிலும் பழுப்பாகத் தெரிந்தால் என்ன நினைப்பேன் சொல்லுங்கள். இறால் பண்ணை என்றேன், விசைப்படகு என்றேன், வெயில் கூடிப்போச்சு என்றேன், காலம் கெட்டுப்போச்சு என்றேன். நான் குற்றம் சொல்லாத ஒரே ஆள் நான்தான். என் வீட்டுக்காரர் இறந்துபோன வருடத்திலிருந்துதான் இப்படி என்று எனக்குள் ஒரு கணக்கும் இருந்தது. அவரோடு நீலமும் போய்விட்டது என்று வீடியோவில் சொல்லவில்லை, ஆனால் மனதுக்குள் அதைத்தான் வைத்திருந்தேன்.

அப்புறம் இந்த ஆனியில் ஒரு இலவச முகாம் வந்தது, மதுரைக்குப் பேருந்தில் கூட்டிப் போனார்கள், வலது கண்ணில் புரை எடுத்து உள்ளே லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். வலி ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள், பயந்துகொண்டு தள்ளிப்போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே ஒரு குறை. வைத்தியம் கண்ணுக்கு, ஆனால் அங்கே எல்லோரும் என் காதில் வந்து கத்தினார்கள். "பாட்டீ, அசையாதீங்க பாட்டீ!" எனக்குக் காது நன்றாகக் கேட்கும். தலை நரைத்தால் எல்லாக் கதவும் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும் என்று யார் சொன்னார்கள் இந்தப் பிள்ளைகளுக்கு?

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நல்ல மாதிரி. நிதானமாக உட்கார்ந்து சொன்னாள். கண்ணுக்குள் இருக்கும் வில்லை சின்ன வயதில் கண்ணாடி போல இருக்குமாம், வயதாக ஆக அதிலிருக்கும் புரதம் பால் திரிகிற மாதிரி திரிந்து, மங்கி, மஞ்சளாகி, சிலருக்குப் பழுப்பாகவே ஆகி, நீல வெளிச்சத்தை உள்ளே விடாமல் நிறுத்திவிடுமாம். ஒரே நாளில் நடந்தால் அலறியிருப்போம், வருடக்கணக்கில் நடப்பதால் உலகம் இப்படித்தான் என்று பழகிவிடுகிறோமாம்.

ஊருக்கு வந்த மறுநாள் விடியலில் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக் கடலைப் பார்த்தேன். 19 வயதில் பார்த்த அதே சாயக்கடல்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது, கேளுங்கள். வீட்டுக்குள் வந்து கொடியைப் பார்த்தால் வெள்ளைத் துணி அத்தனையும் நீலம்! என் கண்ணுக்கு வெள்ளை மஞ்சளடித்துத் தெரிந்ததால், ஒவ்வொரு தடவையும் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் கூட, கொஞ்சம் கூட என்று ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். பொங்கலுக்கு வந்த மருமகன் வேட்டியைத் துவைத்துக் கொடுத்தேனே, மனிதர் அதையே கட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கும் போய்விட்டு வந்திருக்கிறார், வாயைத் திறக்கவில்லை. மகளிடம் போனில் கேட்டால், "நீ சங்கடப்படுவியேன்னுதான்மா" என்கிறாள். நமக்கு வயதாகிவிட்டது என்பது முதலில் நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது, அவர்கள் சொல்வதில்லை, நீல வேட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சரி, சொட்டு மருந்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஆறு வேளை கண்ணில் விட வேண்டும், கை நடுங்குகிறது, நானே விட்டால் கன்னத்துக்குத்தான் வைத்தியம் நடக்கிறது. பக்கத்து வீட்டு ராத்தாதான் வந்து விட்டார். என்னைவிட ஏழு வயது மூத்தவர், முட்டி போய்விட்டது, நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். அவர் போட்ட கணக்கு என்ன தெரியுமா? பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் சொட்டு. சுபுஹுக்கு ஒன்று, லுஹருக்கு ஒன்று, இப்படியே ஐந்து வேளை ஆகிவிட்டது. ஆறாவதுக்கு என்ன செய்வது? இடையில் ஒரு சீரியல் ஓடுகிறது, அதில் முதல் விளம்பரம் வந்ததும் ஆறாவது சொட்டு. ஒரு நாள்கூடத் தவறவில்லை. சனிக்கிழமை தவறாமல் இந்த நவக்கிரகத்தைச் சுற்றுகிற என் கண், பாங்குச் சத்தத்தில்தான் ஆறியது. இதைப் பெரிய ஒற்றுமைக் கதையாக்கிப் பரப்பிவிடாதீர்கள், ராத்தாவுக்குப் பிடிக்காது. எங்கள் தெருவில் இது சாதாரணம்.

ஆடி அமாவாசை வந்தது. கூட்டம் உங்களுக்குத் தெரியும், எங்கெங்கோ இருந்து வந்து இறந்தவர்களுக்குத் திதி கொடுத்துவிட்டு, முங்கியெழுந்து, கல்லைச் சுற்றி வருவார்கள். எனக்குத் தலைக்குத் தண்ணீரே ஆகாது என்று மருத்துவமனையில் கண்டித்து அனுப்பியிருந்தார்கள். அவர் போனபின் ஒரு ஆடி அமாவாசைகூட நான் முங்காமல் இருந்ததில்லை. இந்தத் திண்டில், இதே இடத்தில் உட்கார்ந்து, காலை மட்டும் நனைத்துக்கொண்டு மற்றவர்கள் முங்குவதைப் பார்த்தேன். முங்கினபோதெல்லாம் அடுத்து என்ன, பூ எங்கே, துண்டு எங்கே, சேலை நழுவுகிறதா என்றுதான் இருந்திருக்கிறேன். அன்றைக்கு வேலை இல்லாததால் அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எள்ளும் மாவும் மிதந்து போகிற இடத்தில் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து தின்றன. அதுவும் கண்ணுக்குத் தெரிந்தது. அதோ அந்த ஓரத்தில் உள்ளான் பறவைகள் ஓடுகின்றன பாருங்கள், வடக்கே பனிப் பிரதேசத்திலிருந்து இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன. இவ்வளவு காலம் காற்றில் சருகு உருளுகிறது என்று நினைத்திருந்தேன்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாத விஷயம். இங்கே கடலடைத்த பெருமாள் கோயில் இருக்கிறது, பொங்கின கடலை அடக்கியவர் என்பது ஐதீகம். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், ராமேசுவரம் தீவும் இலங்கையும் அணைத்து நிற்பதால் அலை அடங்கியிருக்கிறது என்று பேரன் சொல்வான். இரண்டும் எனக்குச் சரிதான். அந்தப் பெருமாள் முன்னால் நான்கைந்து வருடமாக எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. தீபாராதனை காட்டும்போது விளக்கைச் சுற்றி வட்டமாக ஒரு ஒளி, மழைக்கால நிலாவுக்குக் கோட்டை கட்டின மாதிரி. மற்றவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது, அவர் போன பிறகு கடவுள் நமக்கென்று ஒன்று காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொன்னதில்லை, இன்றைக்குத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

மதுரையில் அந்தப் பெண் அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாளே ஒரு கேள்வி, "விளக்கைச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுதா பாட்டி?" என்று. ஆமாம் என்றேன், சந்தோஷமாகத்தான் சொன்னேன். அதுவும் புரையின் அறிகுறி என்று எழுதிக்கொண்டாள்.

இப்போது வலது கண்ணால் பார்த்தால் விளக்கு வெறும் விளக்கு. ஆனால் பெருமாள் முகம் தெரிகிறது, உதட்டோரம் தெரிகிறது, அவர் மேல் எண்ணெய் பளபளக்கிறது. இடது கண்ணால் பார்த்தால் முகம் இல்லை, ஒளிவட்டம் இருக்கிறது. சன்னிதியில் நின்று ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன், பட்டர் என்னைப் பார்த்து என்ன நினைக்கிறாரோ. கடலை மங்கலாகக் காட்டின அதே புரைதான் விளக்குக்கு வட்டமும் போட்டது. ஒன்று பொய், ஒன்று மெய் என்று நான் எப்படிப் பிரிப்பேன்? அந்த வட்டத்தைப் பார்த்துத்தானே அந்த வருடங்களைத் தாண்டினேன்.

இடது கண்ணுக்குத் தீபாவளி கழிந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா, இந்தக் கண்ணை இப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு மாதமாக யோசனை. நேற்று மாலை திண்ணையில் உட்கார்ந்து ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒளிவட்டத்தையும் சேர்த்து. அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன்.

"போயிட்டு வா புள்ள. சொட்டு நான் விடுறேன். ஆனா அந்தச் சீரியல் முடியப்போகுதாம், ஆறாவதுக்கு வேற ஒண்ணு பாத்து வை" என்றார்.

அதனால் மக்களே, அந்த நேரத்தில் ஓடுகிற நல்ல சீரியல் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். மாமியார் கொடுமை இல்லாததாக இருக்கட்டும், ராத்தாவுக்கு அழுகை வந்துவிடும், அப்புறம் என் கண்ணில் யார் சொட்டு விடுவது? அய்யோ, போன் சரிகிறது, இருங்கள்...