கவலைக்கு மாலை ஐந்து மணி

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மன அழுத்தம், எதிர்மறை எண்ணங்கள், வாழ்க்கையில் சமநிலை என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களிடம் பேசிப் பேசியே என் காலம் போனது. அங்கே கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூச்சு, தூக்கம், சாப்பாடு, செல்போன் எல்லாவற்றையும் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் அவற்றுக்கும் வருவேன்.

உங்களுக்கு ஒரு கவலை. பக்கத்து வீட்டில் சொல்கிறீர்கள். என்ன பதில் வரும்? "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க, விட்டுத் தள்ளுங்க." நாத்தனாரும் அதையே சொல்வார். துபாயில் இருக்கும் மகனும் போனில் அதையே சொல்வான். எல்லோரும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குக் கவலை குறைந்தது என்று சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

ஏன் குறைவதில்லை? உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். குரங்கை நினைக்காமல் மருந்து குடித்தவன் கதை. என் பாட்டி இதைச் சொன்னால் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும், அவ்வளவு நீட்டுவார்கள். ஒருவனுக்குத் தீராத வயிற்றுவலி. வைத்தியரிடம் போகிறான். அவர் சூரணம் கொடுத்து, "தேனில் குழைத்துச் சாப்பிடு, மூன்று வேளையில் சரியாகிவிடும். ஒரே ஒரு பத்தியம், சாப்பிடும்போது குரங்கை மட்டும் நினைக்கக் கூடாது" என்கிறார். அவனுக்கு ஆச்சரியம். பிறந்ததிலிருந்து மருந்து சாப்பிடும்போது அவன் குரங்கை நினைத்ததே கிடையாது. இது என்ன பெரிய பத்தியம் என்று வீட்டுக்கு வந்து கிண்ணத்தைக் கையில் எடுக்கிறான். கண் முன்னே குரங்கு. கிண்ணத்தைக் கீழே வைக்கிறான், குரங்கு போய்விடுகிறது. எடுக்கிறான், வந்துவிடுகிறது. திண்ணையில் போய் உட்கார்ந்து பார்க்கிறான், தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கிறான். சரி, கோயிலில் வைத்துக் குடித்துவிடலாம் என்று கிளம்பிப் போனால், அங்கே முதலில் எதிர்ப்படுவது ஆஞ்சநேயர் சந்நிதி. இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்து உருளுவோம், பாட்டி அடுத்த கவளத்தை ஊட்டுவார்கள்.

1987-இல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளவியல் ஆய்வாளர் கிட்டத்தட்ட இதையே சோதனையாகச் செய்து வெளியிட்டார். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. மாணவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, "ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதே, நினைப்பு வந்தால் மணியை அடி" என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது கூடப் பரவாயில்லை. அதற்கு அடுத்து நடந்ததுதான் முக்கியம். "இப்போது தாராளமாகக் கரடியை நினைக்கலாம்" என்று சொன்னதும், முன்பு அடக்கி வைத்திருந்தவர்களுக்கு அந்த நினைப்பு இன்னும் அதிகமாக வந்தது. முதலிலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களுக்கு அவ்வளவு வரவில்லை. பகலெல்லாம் வேலையில் மூழ்கி, கவலையை நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்ததும் அது மொத்தமாக வந்து நிற்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான்: எண்ணத்தைத் துரத்த வேண்டாம், அதற்கு ஒரு நேரம் கொடுங்கள். வானொலியைப் பாதியில் திருப்பியவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். துரத்த வேண்டாம், நேரம் கொடுங்கள்.

எப்படி என்று சொல்வதற்கு முன், உடம்பைப் பற்றிக் கொஞ்சம். தெருவில் நாய் துரத்துகிறது என்றால் என்ன ஆகும்? நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும், வாய் உலரும், பசி காணாமல் போகும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. அட்ரினலின் என்ற சுரப்பு இதைச் செய்கிறது. கார்ட்டிசால் என்று இன்னொன்று, அது கொஞ்சம் மெதுவாக வந்து கொஞ்சம் அதிக நேரம் இருக்கும். நாய் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அதில் கெடுதல் இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள் வரும் பதற்றம்கூட ஓரளவுக்கு நல்லதுதான், புத்தகத்தை எடுக்க வைக்கும். ஆனால் வீட்டுக் கடனுக்கு இருபது வருடம் தவணை என்றால்? உடம்புக்கு நாய்க்கும் தவணைக்கும் வித்தியாசம் தெரியாது. அதே படபடப்பு, அதே வேர்வை. ஆனால் இங்கே ஓடுவதற்கு இடமில்லை, அடங்குவதற்கு நேரமும் இல்லை. இப்படி வந்தவர்கள்தான் எங்கள் வரிசையில் பாதிப்பேர். நெஞ்சுவலி என்று போயிருப்பார்கள், இசிஜி நார்மல் என்று வந்திருக்கும், அங்கிருந்து எங்களிடம் அனுப்பியிருப்பார்கள். இசிஜி நார்மல் என்றால் அவர் நடிக்கிறார் என்று அர்த்தம் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வலி உண்மையான வலி.

சரி, நேரம் கொடுப்பது எப்படி? 1983-இல் தாமஸ் போர்கோவெக் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு முறையை எழுதினார்கள். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி நேரம். அது கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கிய நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால், வந்திருக்கிறது என்று கவனித்துவிட்டு, "உன்னை அந்த நேரத்தில் பார்க்கிறேன்" என்று தள்ளிவைத்துவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். அரை மணி வந்ததும் உட்கார்ந்து நன்றாகக் கவலைப்படலாம், வழி இருந்தால் யோசிக்கலாம். நான்கு வாரம் இப்படிச் செய்த மாணவர்களுக்குக் கவலை நேரம் குறைந்திருந்தது.

இதில் இடம் ஏன் முக்கியம் தெரியுமா? படுக்கையில் படுத்துக் கவலைப்பட்டால், கொஞ்ச நாளில் தலையணையைப் பார்த்ததுமே மனம் கவலைக்குத் தயாராகிவிடும். அதனால் படுக்கையில் மட்டும் வேண்டாம். தூங்கப் போகும் நேரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். மாலை ஐந்து மணி, ஆறு மணி சரியாக இருக்கும்.

இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஒரு அக்கா, இட்லிக்கடை நடத்துகிறவர், என்னிடமே கேட்டார்: "என்ன சிஸ்டர், கவலைக்குக்கூட டோக்கன் போட்டு உட்காரவைக்கணுமா?" அவருக்குக் கணவர் இல்லை, இரண்டு பெண்கள், இரண்டு குழுக்கடன். செவ்வாய்க்கிழமை ஒரு தவணை, வெள்ளிக்கிழமை ஒரு தவணை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மாவு அரைக்கப் போகும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பாராம். ஒரு நோட்டில் எழுதிவையுங்கள் என்றேன். "எனக்கு எழுதத் தெரியாது சிஸ்டர்" என்றார். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றாமல், மனதிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த முறை வந்தபோது அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கடையில் புளி கரைக்கும்போது விழும் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு கிண்ணத்தில் போட்டு அடுப்படியில் வைத்திருக்கிறார். பகலில் ஒரு கவலை வந்தால் ஒரு புளியங்கொட்டையை எடுத்து டம்ளரில் போடுவார். போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, ராத்திரி வியாபாரம் தொடங்குவதற்கு முன், கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியில் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, இது என்ன கவலை, இது என்ன கவலை என்று வாய்விட்டே சொல்வார். முதல் சில நாள் டம்ளர் நிறைய இருந்ததாம். அப்புறம் அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது: "எல்லாம் ஒரே கவலைதான் சிஸ்டர். வேற வேற புடவை கட்டிக்கிட்டு வருது."

அந்த ஒரே கவலை, கடன் எவ்வளவு என்பது மகள்களுக்குத் தெரியாது என்பதுதான். தெரிந்தால் பெரியவள் படிப்பை நிறுத்திவிடுவாளோ என்று பயம். தெரியாமல் வைத்திருப்பது இன்னொரு பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்களையும் உட்காரவைத்துக் கணக்கைச் சொல்லிவிட்டார். பெரியவள் படிப்பை நிறுத்தவில்லை. மூன்றாவதாக ஒரு குழுவில் சேரச் சொல்லி வற்புறுத்தியவர்களுக்கு, "வேண்டாம், என் பெண் ஒத்துக்கமாட்டா" என்று சொல்ல முடிந்தது. கடன் அன்றைக்கே தீர்ந்துவிடவில்லை, தவணை தொடர்ந்தது. ஆனால் மூன்று மணி விழிப்பு போய்விட்டது. இந்தப் புளியங்கொட்டை முறையை அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும்தான். கையால் ஒன்றை எடுத்துப் போடும்போது, "வைத்துவிட்டேன், பிறகு பார்க்கலாம்" என்று மனம் நம்புகிறது.

அந்த அரை மணியில் உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கவலையையும் எடுத்து, இதில் என் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டெல்டாவில் இருக்கும் விவசாயி நேயர்களுக்குத் தெரியும், மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறக்க வேண்டும், எல்லா வருடமும் அப்படி நடப்பதில்லை. காவிரியில் தண்ணீர் வருமா என்பது நம் கையில் இல்லை. அதை ராத்திரி முழுக்க நினைத்தாலும் ஒரு அங்குலம் நீர்மட்டம் ஏறாது. ஆனால் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி எது, குறுவைக்குப் பதில் உளுந்து போடலாமா என்று வேளாண் அலுவலரைக் கேட்பது நம் கையில் இருக்கிறது. கையில் இருப்பதற்கு நாளைக் காலை ஒரு சின்ன வேலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் இல்லாததை, "இது என் கையில் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லித் தனியே வையுங்கள். நாளைக்கும் வரும், வரட்டும். அதற்கும் ஐந்து மணிக்கு இடம் இருக்கிறது.

இன்னொன்று. சில கவலைகள் தீர்ப்பு மாதிரி வரும். "என்னால் எதுவும் முடியாது", "எல்லாம் போச்சு", "யாரும் என்னை மதிப்பதில்லை." ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் தன் நோயாளிகளிடம் இதைக் கவனித்தார். இந்த மாதிரி வாக்கியங்கள் யாரும் யோசித்து முடிவு செய்யாமல் தானாகவே ஓடி வருகின்றன, வந்ததும் நாம் அவற்றை நம்பிவிடுகிறோம். யாரும் மதிப்பதில்லை என்று ஒரு கொட்டை வந்தால், "யாருமேவா?" என்று கேளுங்கள். நேற்று போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டது யார்? பொய்யாக நல்லதை நினைக்கச் சொல்லவில்லை. நடந்ததை முழுசாகப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது. மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

தூக்கத்துக்கு: 2018-இல் அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று வெளியானது. படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், மறுநாள் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், தூக்கம் கண்ணைச் சொருகும்போது திரும்பிப் படுங்கள்.

மூச்சு: மூக்கால் மெதுவாக இழுங்கள், இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும்படி சில நிமிடம் செய்தால் படபடப்பு அடங்கத் தொடங்கும். சாப்பாடும் செல்போனும் இன்னொரு நாளைக்கு.

இதை மட்டும் விட முடியாது. சோகமோ எதிலும் ஈடுபாடு இல்லாமையோ இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இருந்தால், பசியும் தூக்கமும் கெட்டுப்போனால், அது புளியங்கொட்டையால் தீர்க்கிற விஷயம் இல்லை. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார், மருந்தும் இலவசம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரிலிருந்து ஒரு தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. பேனா எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும் வீட்டில் ஒருவருக்காகக் கூப்பிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.